காப்பீடும் நோயாளர் உரிமையும்

(நம் சங்கத்தின் திருப்பூர்க் கிளைப் பொதுக்கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு. அங்கத்தினர் பலர் வேண்டிக்கொண்டவாறு இங்கு முழுதும் வெளியிடப்பெறுகிறது.)



இம்மாதக் கூட்டத்தில் மருத்துவக் காப்பீட்டைப்பற்றிச் சில சொற்கள் சொல்லுமாறு காரியதரிசியவர்கள் என்னைப் பணித்தார்கள். இலக்கணமும் இலக்கியமும் போதிக்கும் தமிழாசிரியனுக்கும் இன்ஷியூரன்ஸுக்கும் யாது தொடர்பு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. காப்பீட்டுப் பத்திரமென்பது முழுதும் சொற்களால் ஆயது. ஒரு சொல்லுக்கு இன்ன பொருளென்று முற்பக்கத்தில் வரையறுத்துவிட்டுப் பிற்பக்கத்தில் அப்பொருளைக் கொண்டே ஒரு குடும்பத்தின் கோரிக்கையை மறுத்துவிடுவதுண்டு. சொற்பொருள் காண்பது என் தொழில். ஆதலின் பேசத் துணிந்தேன்.

நம் சங்கத்தார் அங்கத்தினர் குடும்பங்களுக்கெல்லாம் சேர்த்துக் குழுக் காப்பீடு ஒன்று எடுக்க யோசித்து வருவதை அறிவீர்கள். அதற்கென வரையப்பெற்ற நகல் விதிகளில் ஏழாவது விதி, முன்னரே நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய், சிறுநீரக நோய், புற்றுநோய் முதலியவற்றாற் பீடிக்கப்பட்டோர் இத்திட்டத்திற் சேர்த்துக்கொள்ளப்படார் என்று கூறுகின்றது. செலவு பெருகாதிருத்தற்பொருட்டு நல்லெண்ணத்தோடு எழுதப்பெற்ற விதியே அது. எழுதியவர்களைக் குறைகூற யான் வந்தேனல்லேன். ஆயினும் அவ்விதி நிற்கத்தக்கதா, நீக்கத்தக்கதா என்று நீங்கள் முடிவு செய்யுமுன், நோயாளரைக் காப்பீட்டினின்றும் விலக்குவதுபற்றி நம் நாட்டுச் சட்டம் சொல்வது யாது, பிற நாடுகள் செய்தது யாது என்பவற்றை அறிதல் நலமென்று கருதுகின்றேன்.

காப்பீட்டின் இயல்பு

நம் பகுதியில் கலியாணத்துக்கு மொய் எழுதும் வழக்கம் பழமையானது. ஒரு வீட்டிற் செலவு வரும்பொழுது நூறு வீட்டார் சிறிது சிறிதாகக் கொடுக்கின்றனர். ஒருவருக்குப் பெருஞ்சுமையாவது பலருக்குச் சிறுசுமையாகின்றது. காப்பீட்டின் உட்கருத்தும் இதுவே. ஆனால் இரண்டற்கும் ஒரு வேற்றுமையுண்டு. மொய்ப்பணம் ஒருநாள் நம் வீட்டுக்குத் திரும்பி வரும், சீட்டுப்பணமும் அங்ஙனமே. காப்பீட்டுக் கட்டணமோ, நாம் நோயின்றியிருந்தால், திரும்பி வாராது. திரும்பி வாராமையே நமக்கு நல்லதென்று உணர்ந்தவனே காப்பீட்டின் தத்துவத்தை அறிந்தவன்.

காப்பீட்டுக் கம்பெனியார்க்கு ஓர் அச்சமுண்டு. பஞ்சுக் குடோனில் தீப்பிடித்துப் புகை எழும்பொழுது ஒருவன் ஓடிவந்து, அதற்கு இன்ஷியூரன்ஸ் வேண்டுமென்று கேட்டால் யார் கொடுப்பார்? அங்ஙனமே, நலமாயிருக்குங்காலமெல்லாம் வாளாவிருந்து, நோய் கண்டபின் எல்லோரும் வந்து சேர்வாராயின், உள்ளே நோயாளரே மிகுவர். கட்டணம் உயரும். உயர்ந்த கட்டணத்தைக் கண்டு நலமுடையோர் விலகுவர். அவர் விலகவே, கட்டணம் பின்னும் உயரும். இறுதியில் நிதியே அழியும். இவ்வச்சம் பொய்யன்று, இதனை நாம் நியாயமாக ஒப்புக்கொள்ளவேண்டும்.

ஆயினும் குடோனுக்கும் மனிதனுக்கும் பேதமுண்டு. குடோனிலே தீ நாள்தோறும் பிறப்பதன்று. மனித சரீரத்திலோ நோய் வாராதிருப்பது அரிது. இருபத்தைந்து வயதிற் சர்க்கரை வந்தவன் அதனை விரும்பி வரவழைத்தானல்லன். பிறவியிலேயே இருதயத்திற் குறையோடு பிறந்த குழவி யாது பிழை செய்தது? காப்பு யாருக்கு மிகத் தேவையோ அவரைத் தள்ளிவிட்டு, யாருக்குத் தேவை குறைவோ அவரையே சேர்த்துக்கொள்ளும் நிதி, நிழல் வேண்டாதார்க்கு நிழல் தரும் மரம் போன்றதாம். கம்பெனியின் அச்சமும் மெய். நோயாளனின் துன்பமும் மெய். இவ்விரண்டையும் இசைவிப்பதே சட்டத்தின் வேலை. நம் நாட்டில் அச்சட்டம் மூன்று வழிகளில் நடந்திருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகக் கூறுவேன்.

முதல் வழி: ஈ.எஸ்.ஐ.

தொழிலாளர்க்கு நோய்க் காப்பு வேண்டுமென்று ஆராய்ந்து பேராசிரியர் பி. பி. அதர்க்கார் என்பார் 1944-இல் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை அளித்தார். அதன் பயனாகத் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் 1948-இல் நிறைவேறியது. 1952 பிப்ரவரி 24-ஆம் நாள் கான்பூரில் அத்திட்டத்தை ஜவாஹர்லால் நேரு தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டில் அது முதன்முதல் 1955-இல் நம் கோயம்புத்தூரில் நடைமுறைக்கு வந்தது. பஞ்சாலைத் தொழிலாளர் மிகுந்த ஊராதலின் அவ்வாறாயிற்று. 2025 நவம்பர் 21-ஆம் நாள் முதல் இத்திட்டம் 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் கீழ் வந்துள்ளது.

இதன் சிறப்பு யாதெனில், இங்கே கட்டணம் ஊதியத்தைக் கொண்டு கணிக்கப்பெறுகின்றது; நோயைக் கொண்டன்று. 2019 ஜூலை முதல் தொழிலாளி தன் ஊதியத்தில் நூற்றுக்கு 0.75 பங்கும், முதலாளி 3.25 பங்கும் செலுத்துமாறு விதிக்கப்பட்டது. மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஓவர்லாக் டெய்லர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கொடுப்பது 112 ரூபாய் 50 காசு. கம்பெனி கொடுப்பது 487 ரூபாய் 50 காசு. அவர் பக்கத்திலமர்ந்து தைக்கும் மற்றொருவர்க்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருந்தாலும், கட்டணம் அதுவே. சேரும்பொழுது இரத்தம் சோதிப்பதில்லை. உனக்கு என்ன நோய் என்று கேட்பதுமில்லை. குலம் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, பீகாரிலிருந்து வந்தவரும் அவினாசியிலிருந்து வந்தவரும் ஒரே நிலையர். மனைவி மக்களுக்கும், சார்ந்திருக்கும் பெற்றோர்க்கும் சிகிச்சையுண்டு. உயர்சிகிச்சைக்கு மாத்திரம் கட்டணம் செலுத்திய காலம்பற்றிச் சில நிபந்தனைகள் உண்டு.

நோயால் வேலைக்குச் செல்லாத நாட்களுக்கு ஊதியத்தில் நூற்றுக்கு 70 பங்கு, ஆண்டில் 91 நாள் வரை கிடைக்கும். காசம், புற்றுநோய் போன்ற நெடுநோய்களுக்கு நூற்றுக்கு 80 பங்கு, இரண்டாண்டு வரை நீட்டிக்கப்பெறும். பஞ்சுத்தூசியால் நுரையீரலைப் பற்றும் நோயைத் தொழில்நோய்ப் பட்டியலில் 1948-ஆம் ஆண்டுச் சட்டமே சேர்த்தது. நோய்க்காலத்திலே தொழிலாளியை நீக்குதலும் தண்டித்தலும் கூடாதென்று அச்சட்டம் தடை செய்ததையும் கருதுக. திருப்பூருக்கென 100 படுக்கையுள்ள ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பெற்று, 2024 பிப்ரவரியில் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்றது.

இங்ஙனம் நோய்பற்றிய பேதமே இல்லாத காப்பு நம் கண்முன் இருக்கவும், நம் ஊரில் நடப்பதென்ன? பத்துப்பேருக்குக் குறைவாகக் கணக்குக் காட்டவேண்டுமென்று ஒரே கூரையின்கீழ் இரண்டு கம்பெனிப் பெயர்ப்பலகை மாட்டுவோர் உளர். பீஸ் ரேட்டுக்குக் கண்டிராக்டில் விட்டு, தைப்பவர் எம் ஆளல்லர் என்போர் உளர். தொழிலாளரிலும், வாரச் சம்பளத்திற் பிடித்தம் வேண்டாம், முழுதும் கையில் கொடுங்கள் என்று கேட்போர் உளர். சனிக்கிழமை மிஞ்சிய இருபத்தைந்து முப்பது ரூபாய், பின்னொருநாள் ஆஸ்பத்திரி வாயிலில் இலட்சமாக வட்டிக்கு வாங்கப்படுகின்றது. முதலாளிகளாகிய நம் அங்கத்தினரை வணக்கத்தோடு கேட்டுக்கொள்கின்றேன்: சங்கத்தில் தருமம் பேசுமுன் நம் கட்டிங் மேஜையில், செக்கிங் மேஜையில் நிற்பவர் பெயரையெல்லாம் ஈ.எஸ்.ஐ. பதிவேட்டில் எழுதுவோமாக.

இரண்டாம் வழி: அரசாங்கமே கட்டணம் செலுத்துதல்

ஈ.எஸ்.ஐ.யின் எல்லைக்குள் வாராத ஏழைகள் பலர். வீட்டிலிருந்தே பிசிறு வெட்டிக் கொடுக்கும் தாய்மார், தள்ளுவண்டி வியாபாரிகள், விவசாயக் கூலிகள் முதலியோர் அத்தகையர். அவர்கட்காகத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்னும் பெயரால் அது விரிந்தது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பெற்றது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குட்பட்டோர்க்கென இருந்த வரம்பு பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பெற்றது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்புண்டு. கட்டணத்தைச் செலுத்துவது அரசாங்கம்.

இங்கும் முன்னரே நோயுற்றவனா என்னும் வினா எழுவதில்லை. சேர்ந்த நாள் முதலே பழைய நோய்க்கும் சிகிச்சையுண்டு. இத்திட்டப் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கே காப்பு என்பதையும், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளிலேயே அது கிடைக்கும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் இருந்தும் காப்பீட்டு அட்டை வாங்காத குடும்பங்கள் நம் தெருக்களிலேயே உள்ளன. நோய் வந்தபின் அலைவதைக் காட்டிலும் இன்றே பெற்றுக்கொள்வது எளிது.

மூன்றாம் வழி: தனியார் காப்பீடும் சட்டத்தின் கடிவாளமும்

நிற்க. இவ்விரு வழிக்கும் இடையில் ஒரு பெருங்கூட்டம் அகப்பட்டுக் கிடக்கின்றது. மாதம் 21,000 ரூபாய்க்கு மேற்பட்ட சம்பளம் வாங்குவோரைச் சேர்க்காதென்பது 2017 ஜனவரி முதல் ஈ.எஸ்.ஐ.க்கு வகுக்கப்பெற்ற வரம்பு. நான்கு பவர்டேபிள் போட்டு ஜாப் ஒர்க் செய்யும் சிறு முதலாளி, கடைக்கணக்கர், சாயப்பட்டறை மேஸ்திரி, இவர்கள் ஏழைகளென்னும் கணக்கிலும் வாரார், ஈ.எஸ்.ஐ.யிலும் சேரார். இவர்களே கம்பெனிப் பத்திரம் வாங்குவோர். நம் சங்கத்து அங்கத்தினரில் மிகப்பலர் இவ்வகையினரே. நோய்பற்றிய பேதம் தலைகாட்டுவதும் இவர்களிடத்தேதான்.

இவர்கட்குச் சட்டம் தந்துள்ள காப்பை வரிசையாகச் சொல்லுகின்றேன்.

முதலாவது, காத்திருப்புக் காலம். பத்திரம் எடுக்குமுன்னரே உள்ள நோய்க்கு இத்தனை மாதம் கழிந்தே பணம் தருவோம் என்று கம்பெனி விதிக்கலாம். முன்பு அது 48 மாதம் வரை இருந்தது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளால் 2024 ஏப்ரல் முதல் 36 மாதத்துக்கு மிகலாகாதென்றாயிற்று. முன்னரே உள்ள நோய் என்னும் சொற்றொடர்க்கும் வரையறை உண்டு. பத்திரம் எடுத்தற்கு முந்திய 36 மாதத்துக்குள் மருத்துவர் கண்டறிந்ததோ, மருத்துவம் செய்யப்பெற்றதோ, செய்துகொள்ளும்படி சொல்லப்பெற்றதோ ஆகிய நோயே அது. பதினைந்தாண்டுக்கு முன் வந்து தீர்ந்த மஞ்சட்காமாலை இவ்வரையறைக்குள் வாராது. ஆயினும் விண்ணப்பத்தில் அதனைக் கேட்டிருந்தால் மறையாது சொல்லுதல் வேண்டும். சொற்பொருளின் பயன் இங்கே விளங்குகின்றதன்றோ?

இரண்டாவது, ஐந்தாண்டு விதி. இடைவிடாது 60 மாதம் காப்பிலிருந்தவர் கோரிக்கையை, நீ முன்பு இன்ன நோயைச் சொல்லவில்லை என்று காட்டிக் கம்பெனி மறுத்தல் கூடாது. வேண்டுமென்றே செய்த வஞ்சனையை மெய்ப்பித்தால் மாத்திரமே மறுக்கலாம். இக்காலம் முன்பு 96 மாதமாயிருந்தது.

மூன்றாவது, புதுப்பித்தல். சென்ற ஆண்டு உனக்கு மிகுதியாகச் செலவாயிற்று, இனி உன்னைச் சேர்த்துக்கொள்ளோம் என்று கம்பெனி கூறுதற்குச் சட்டம் இடந்தரவில்லை. ஒருவன் கோரிய தொகையைக் காட்டி அவனொருவனுக்கு மாத்திரம் புதுப்பிக்கும்பொழுது கட்டணத்தை ஏற்றுதலும் கூடாது. 2011 அக்டோபர் முதல், ஒரு கம்பெனியைவிட்டு மற்றொரு கம்பெனிக்கு மாறுவோர் முன்பு கழித்த காத்திருப்புக் காலத்தை இழவாமல் மாறும் உரிமையும் வந்தது.

நான்காவது, சில நோய்களுக்கெனத் தனிச் சட்டங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, உடல்நோய்க்குக் காப்புத் தரும் அதே முறையில் மனநோய்க்கும் காப்புத் தரவேண்டுமென்று கம்பெனிகளைப் பணித்தது. அவ்வாண்டிலேயே நிறைவேறிய எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், அந்நோயுடையார்க்குக் காப்பீட்டை மறுத்தலையும் அநீதியாக நடத்துதலையும் தடுத்தது. ஆனால் காப்பீட்டுக் கணிதச் சான்று இருப்பின் விலக்கு உண்டென்றது. இவ்விரு சட்டமும் 2018-இல் நடைமுறைக்கு வந்தன.

ஐந்தாவது, 2024 மே 29-ஆம் நாள் ஆணையம் விடுத்த பெருஞ்சுற்றறிக்கை. எல்லா வயதினர்க்கும், எல்லாவகை நோய்நிலையினர்க்கும், நெடுநோயாளர்க்கும் உரிய பத்திரங்களைக் கம்பெனிகள் வகுத்து வைத்தல் வேண்டுமென்று அது விதித்தது. 65 வயது வரையேனும் புதிதாகச் சேர்த்துக்கொண்டாற் போதுமென்னும் பழைய வயது வரம்பு அவ்வாண்டில் ஒழிந்தது. முதியோர் கட்டணத்தை ஆணையத்தைக் கலவாமல் ஓராண்டில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் உயர்த்தலாகாதென்று 2025 ஜனவரியில் மற்றோர் ஆணை பிறந்தது.

நீதிமன்றங்களும் வாளாவிருக்கவில்லை. மரபுவழி நோயென்று காட்டிக் கோரிக்கையை மறுத்தல் அரசியலமைப்பின் சமத்துவக் கொள்கைக்கு முரணென்று டில்லி உயர்நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது; வழக்கு உச்சநீதிமன்றத்துக்கு மேன்முறையீடாகச் சென்றமையின் அதனை முடிந்த முடிபாகக் கொள்ளற்க. விண்ணப்பத்திற் சொல்லப்பெற்ற நோய்நிலையை ஆராய்ந்து பத்திரம் கொடுத்தபின், அந்நோயையே காட்டிப் பணம் மறுத்தல் கூடாதென்று உச்சநீதிமன்றம் 2021 டிசம்பரில் கூறிற்று. உண்மை சொன்னவனுக்கு அத்தீர்ப்பு ஒரு கவசம்.

சட்டம் இன்னும் செல்லாத தூரம்

இவற்றைக் கேட்டவர்கள், நோய்பற்றிய பேதம் ஒழிந்தே போயிற்று என்று மகிழ்ந்துவிடலாகாது. நோயுடையவன் விண்ணப்பத்தைக் கம்பெனி தன் வகுத்த கொள்கைப்படி ஏற்கலாம். கட்டணத்தை உயர்த்தி ஏற்கலாம். ஏற்க மறுத்துக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும் செய்யலாம். நோயாளர்க்கு உரிய பத்திரம் இருத்தல் வேண்டுமென்பதே விதி. அதன் விலை நலமுடையான் பத்திரத்தின் விலையே ஆகவேண்டுமென்பது விதியன்று. கடை திறந்திருக்கிறது, பண்டம் வாங்கும் விலையில் இல்லை. நோயாளனுக்கு அது மூடிய கடைக்கு ஒப்பானதே.

பிற நாடுகள் இதனைத் தீர்த்த வகையைப் பார்ப்போம். ஜெர்மனியில் 1883-இலேயே தொழிலாளர் நோய்க்காப்புச் சட்டம் பிறந்தது. தொழிலாளி மூன்றில் இருபங்கும் முதலாளி ஒரு பங்கும் செலுத்தினர். நம் ஈ.எஸ்.ஐ. அக்குடும்பத்துக் கிளையே. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ தனியார் காப்பீடே பெரிது. ஆங்கு 1996-இல் ஒரு சட்டம், தொழிற்சாலைக் குழுக் காப்பில் ஒருவனை அவன் நோய்காரணமாக விலக்குதலையும் உடனுழைப்பவனினும் மிகுதியாகக் கட்டணம் வாங்குதலையும் தடுத்தது. 2008-இல் மரபணுச் சோதனையைக் கொண்டு பேதம் செய்தல் தடுக்கப்பட்டது. 2010-இல் நிறைவேறி 2014 முதல் முழுதும் நடந்த சட்டம், தனிமனிதர் வாங்கும் பத்திரத்துக்கும் அவ்விதியை விரித்தது. வயது, இருப்பிடம், குடும்பத்தொகை, புகையிலைப் பழக்கம் என்னும் நான்கனைக் கொண்டே அங்குக் கட்டணம் வேறுபடலாம். நோயைக் கொண்டு வேறுபடலாகாது.

ஆயின் ஒரு பாடம் உண்டு. அதற்கு முன்னர் நியூயார்க் மாகாணம் 1993-இல் எல்லோர்க்கும் ஒரே கட்டணமென்று விதித்தது. எல்லோரும் சேரவேண்டுமென்று விதிக்கவில்லை. நலமுடைய இளையோர் விலக, தனிமனிதர் பத்திரத்தின் கட்டணம் மிக ஏறிற்று. யான் முன்பு சொன்ன கம்பெனியாரின் அச்சம் அங்கே மெய்யாயிற்று. ஆஸ்திரேலியா வேறு வழி கண்டது. நோயாளிக்கும் நலமுடையானுக்கும் ஒரே விலை. ஆனால் 30 வயதுக்குள் சேராது காலந்தாழ்த்துவோர் தாழ்த்திய ஒவ்வோராண்டுக்கும் நூற்றுக்கு இரண்டு மிகுதியாகக் கொடுக்கவேண்டுமென்று 2000-இல் விதித்தது. நோய்க்குத் தண்டமில்லை; காத்திருந்து சூதாடுவதற்கே தண்டம். நோயாளரைத் தள்ளாதிருக்க வேண்டுமாயின் நலமுடையோர் விலகாதிருக்க வேண்டும் என்பதே இவற்றால் அறியக்கிடப்பது.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

இனி, பத்திரம் வாங்கும் குடும்பங்கட்குச் சில சொல்வேன். விண்ணப்பத்தில் உண்மையையே எழுதுங்கள். சர்க்கரை இருந்தால் என்ன, இல்லையென்று போடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் ஏஜெண்டு, கோரிக்கை மறுக்கப்படும் நாளில் உங்கள் பக்கத்தில் நிற்கமாட்டான். என் மாணாக்கன் ஒருவனின் தந்தையார் பிளாட்லாக் டெய்லர். மாத்திரை சாப்பிட்டு வந்த இரத்த அழுத்தத்தை அவ்வாறு மறைத்தெழுதச் செய்தார் ஒருவர். இரண்டாம் ஆண்டில் இருதயச் சிகிச்சைக்குப் பணம் மறுக்கப்பட்டது. மறைத்த நோய் சிறிது. விற்ற நிலம் பெரிது. அவர் உண்மையை எழுதியிருந்தால் கட்டணம் கூடியிருக்கும், சில காலம் காத்திருக்க நேர்ந்திருக்கும், கையொப்பம் பொய்யாயிராது.

பத்திரம் கைக்கு வந்தவுடன் படியுங்கள். பிடிக்காவிடின் 30 நாளுக்குள் திருப்பிவிடலாம். தவணை தவறவிடாதீர்கள், விட்டால் கழித்த காத்திருப்புக் காலமெல்லாம் வீணாகும். கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலிற் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலின்றிப் போனாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். அதற்குக் கட்டணமில்லை, வக்கீலும் வேண்டியதில்லை. அவர் முடிவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தை நாடும் வழியும் உண்டு. இவ்விண்ணப்பங்களைத் தமிழில் எழுதித்தர மாதத்தில் ஒரு ஞாயிறு சங்கக் கட்டடத்தில் அமர்ந்திருக்க யான் ஆயத்தமாயிருக்கிறேன்.

ஏழாவது விதி

இறுதியாக, நம் நகல் விதிக்கு வருகின்றேன். முதலில் ஒன்று தெளிக. சங்கமே பணந்திரட்டி, இன்ன நோய்க்கு இவ்வளவு தருவோமென்று வாக்களித்துக் காப்பீடு நடத்துதல் கூடாது. 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டப்படி பதிவு பெற்றவரே அத்தொழில் செய்யலாம். ஆதலின் பதிவு பெற்ற கம்பெனியிடம் குழுப் பத்திரம் வாங்குவதே நமக்குரிய வழி. இதில் ஒரு குறையும் உண்டு. தனிக்குடும்பப் பத்திரங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு சேவை வரி நீங்கிற்று. குழுப் பத்திரத்துக்கு அச்சலுகை தரப்படவில்லை. அக்குறையிருந்தும் குழுப் பத்திரத்தை நாடுவது ஏன்? தனித்து நின்றால் தள்ளப்படும் நோயாளனைக் குழுவிலே சேர்த்துப் பேசமுடியும் என்பதொன்றே காரணம். கூட்டத்தின் பலம் கொண்டு, பழைய நோய்க்கும் முதல்நாள் தொட்டே காப்பு வேண்டுமென்று கம்பெனியோடு பேரம் பேசலாம். அந்நோயாளனை நாமே வாயிலில் நிறுத்திவிட்டால், பின் குழு எதற்கு? நலமுடையோர் தனித்தனியே வரியின்றி வாங்கிக்கொள்ளலாமே!

செலவு மிகும் என்பீர்கள். மிகும், மறுக்கவில்லை. அதற்கு மாற்று விதியொன்றைச் சபையின் முன் வைக்கின்றேன். நோயாளரை விலக்கும் விதியை நீக்கி, காலம் பார்த்துச் சேர்வோரைத் தடுக்கும் விதியை வைப்போம். ஆண்டுக்கொருமுறை, ஒரே மாதத்திலே சேர்க்கை. இடையில் நோய் கண்டபின் ஓடிவருவோர்க்கு அடுத்த ஆண்டே இடம். குடும்பத்தில் நோயாளனை மட்டும் சேர்த்து மற்றவரை விடுதல் கூடாது. சேர்ந்தால் குடும்பமே சேரவேண்டும். நலமுடைய இளைஞர் குடும்பங்களை நம் ஊழியர் வீடுவீடாகச் சென்று சேர்க்கவேண்டும். பெருங்கம்பெனி நடத்தும் அங்கத்தினர், எளிய குடும்பங்களின் கட்டணத்தில் ஒரு பகுதியை ஏற்கவேண்டும். இவை கூடினால், கம்பெனியின் அச்சமும் குறையும்; நோயாளனும் வெளியே நில்லான். ஆஸ்திரேலியா கண்ட வழியும் இதனோடு ஒத்ததே.

மருத்துவத்துக்கு உறுப்பு நான்கென்றார் வள்ளுவனார்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன். நம் காலத்தில் ஆஸ்பத்திரிச் செலவு ஐந்தாவதோர் உறுப்பாய் வந்து சேர்ந்துவிட்டது. பணம் கட்டுவோன் இல்லையேல் முன்னைய நான்கும் கூடுவதில்லை. அவ்வைந்தாம் உறுப்பாக நிற்கவே நம் சங்கம் முன்வந்திருக்கிறது. முன்வந்த சங்கம் முதல் உறுப்பாகிய நோயாளியையே நீக்கிவிட்டுத் தொடங்குதல் பொருந்துமா?

இச்சபையில் அமர்ந்திருப்போரில் இன்று நோயின்றியிருப்பவர் யாவரும் என்றும் அங்ஙனமே இருப்போமென்று உறுதிகூற இயலாது. ஏழாவது விதியை இன்று எழுதும் கை, நாளை அதனாலேயே தடுக்கப்படும் கையாகலாம். ஆதலின் அவ்விதியை நீக்கி, யான் கூறிய மாற்று விதியை ஆராயுமாறு நிர்வாக சபையாரை வேண்டிக்கொள்கின்றேன்.